விருந்தும் விலையும்

வீட்டு வாயிலில் வந்து நிற்பவரை 'வாருங்கள்' என்று அழைக்கிறோம். கடை வாயிலில் வந்து நிற்பவரையும் 'வாருங்கள்' என்றே அழைக்கிறோம். சொல் ஒன்றே. ஆயினும் வீட்டில் நாம் கொடுப்பவர். கடையில் கொடுத்துப் பெறுபவர். வீட்டிற்கு வந்தவர் உண்டு சென்றபின் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. கடைக்கு வந்தவரோ கணக்குத் தீர்க்காமல் செல்வதில்லை. அவ்வாறாயின், விலை பெற்றுக்கொண்டு செய்யும் உபசரிப்பு அறமாகுமா? அன்றி, அறத்தின் பெயரைச் சூடிக்கொண்ட வாணிகம் மட்டுந்தானா? இது பழைய வினா. எனினும் ஒரு சிற்றூரின் கடைத்தெருவுக்கு உலகமே திரண்டு வரும் காலங்களில் இவ்வினாவைத் தள்ளிவைக்க இயலாது.

நம் கண்ணெதிரே அத்தகைய காலம் ஒன்று வந்து சென்றது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 44-ஆவது உலகச் சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடைபெற்றது. ரஷ்யாவில் நடைபெறவிருந்த அப்போட்டி, அந்நாடு உக்ரைன் மீது படையெடுத்தமையால் அங்கிருந்து விலக்கப்பட்டு, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தமிழகத்துக்கு வழங்கப்பெற்றது. இந்திய மண்ணில் நடந்த முதல் சதுரங்க ஒலிம்பியாடு அதுவே. ஆயத்தம் செய்யக் கிடைத்த காலம் ஏறத்தாழ நான்கு மாதங்கள். 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 1,700-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் வந்தனர். பாலஸ்தீனத்திலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுமியும் அவர்களுள் ஒருவர். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும், மகளிர் பிரிவில் போரின் நடுவே வந்த உக்ரைனும் தங்கம் வென்றன. சென்னையில் நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகை போலத் தீட்டப்பட்டது. வேட்டி சட்டை அணிந்து, கைகூப்பி நிற்கும் 'தம்பி' என்னும் குதிரை போட்டியின் சின்னமாயிற்று.

கைகூப்பி நிற்கும் உருவத்தைச் சுவரெங்கும் வரைவது எளிது. அக்கூப்பிய கைகளின் பொருளைக் காப்பாற்ற வேண்டியவர்கள் யார்? தேநீர்க் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், சங்குமாலை விற்கும் பெண், கல்லைச் செதுக்கும் சிற்பி, உணவகத்தில் இலை போடும் இளைஞன் ஆகியோரே. வந்தவர் தம் நாட்டிற்குத் திரும்பியபின் நினைவுகூர்வது பெரும்பாலும் இவர்களின் முகங்களைத்தான். ஆதலின் இவர்கள் செய்யத்தக்கது யாது, இவர்களுக்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதை இங்கே சிந்திப்போம்.

விருந்தோம்பலா, நடுவுநிலைமையா?

சுற்றுலா வருவோரை 'விருந்தினர்' என்றும் 'அதிதி' என்றும் அழைப்பது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் இல்லற நெறியில் அதிதி என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. திதி குறித்து வாராதவர் அதிதி. அதிதி சம்விபாகம் என்னும் விரதம், முதன்மையாகத் துறவு நெறியில் நிற்போர்க்குத் தூய உணவைப் பகிர்ந்தளிப்பதைக் குறிப்பது. அங்கே விலை இல்லை, கைம்மாறு இல்லை. விழாவிற்கு வருபவரோ நாள் குறித்து வருபவர். பணம் கொடுத்து வாங்குபவர். அவரை அதிதி என்று அழைத்து, நாம் செய்யும் வாணிகத்துக்கு விரதத்தின் பெயரைச் சூட்ட வேண்டுவதில்லை.

திருக்குறளின் அமைப்பு இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். வாணிகர்க்குரிய அறத்தைச் சொல்லும் குறளோ அவ்வதிகாரத்தில் இல்லை. அது பன்னிரண்டாவது அதிகாரமாகிய நடுவுநிலைமையின் இறுதியில் வைக்கப்பட்டுள்ளது. இரண்டும் இல்லறவியலைச் சேர்ந்தவையே. ஆயினும் இடம் வேறு. வீட்டிலிருப்பவரின் சிறப்பு ஈகை. கடையிலிருப்பவரின் சிறப்பு கோணாமை. இவ்வமைப்பிலிருந்து நாம் உணர்வது இதுவே.

ஆகவே வினாவின் விடை ஒருவாறு தெளிவாகிறது. வாணிகர் தம் பொருளை இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. உழைப்புக்கு விலை பெறுவதில் இழுக்கில்லை. வருபவர் யாராயினும் ஒரே அளவை, ஒரே உண்மை, ஒரே மதிப்பு என்று நிற்பதே அவரிடம் எதிர்பார்க்கப்படுவது. கேட்பதற்கு இது எளிது. பலவகை மனிதர் ஒருசேர வந்து நிற்கும்போது இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முகம் பார்த்துச் சொல்லும் விலை

முதற் சோதனை விலையில் வருகிறது. உள்ளூரார் கேட்டால் ஒரு விலை, வெளியூரார் கேட்டால் வேறு விலை, வெளிநாட்டவர் கேட்டால் மூன்றாவது விலை. இதற்கு நம்மவர் சொல்லும் நியாயங்களையும் நாம் அறிவோம். 'அவருக்கு இது ஒரு பொருட்டா? அவர் நாட்டுப் பணத்தில் இது சில்லறை. நமக்கோ ஆண்டில் பதினைந்து நாள்தான் விழா' என்பர். இந்நியாயத்தை எள்ளி ஒதுக்கிவிடலாகாது. மழைக்காலம் முழுதும் கடை திறந்து வைத்துக் காத்திருப்பவரின் துன்பம் அதில் இருக்கிறது.

'அரசே இரு விலை வைக்கவில்லையா?' என்றும் கேட்பர். உண்மைதான். 2018-இல் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் காண இந்தியர்க்கு 40 ரூபாய். வெளிநாட்டவர்க்கு 600 ரூபாய். சார்க், பிம்ஸ்டெக் அமைப்புகளைச் சேர்ந்த நாட்டவர்க்கு இந்தியர்க்குரிய கட்டணமே. இது முறையா என்பதில் கருத்து வேறுபடலாம். அச்சின்னங்களை இந்நாட்டு மக்கள் தம் வரிப்பணத்தால் காத்து வருகின்றனர் என்பது ஒரு பக்கம். 1984 முதல் அவை உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டு உலகினர் அனைவருக்கும் உரியவையாயின என்பது மறுபக்கம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அந்த இரு விலையும் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன. வருபவர் படித்து, விரும்பினால் உள்ளே செல்வார், இல்லையேல் திரும்புவார். கடைக்காரர் முகத்தைப் பார்த்து மனத்துள் கூட்டிச் சொல்லும் விலையோ எந்தப் பலகையிலும் இல்லை. கேட்பவரின் அறியாமையே அவ்விலைக்கு அடிப்படை. அறியாமையை விற்றுப் பொருளீட்டுவதற்கு வாணிகம் என்று பெயரில்லை.

நம் நூல்களும் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிச் சொல்கிறது. வாங்கும்போதும் விற்கும்போதும் அளவைகளைக் குறைத்தும் மிகுத்தும் பயன்படுத்துவது அவற்றுள் ஒன்று. ஒன்றைப் போன்ற வேறொன்றைக் கொடுத்து ஏமாற்றுவது மற்றொன்று. பூட்டை உடைத்து எடுப்பது மட்டுமே களவு என்று எண்ணியிருப்போர்க்கு இது சுடவேண்டும். மாக்கல்லில் செய்த சிலையைக் கருங்கல் என்று சொல்லி விற்றால் கைமாறியது சிலை மட்டுமன்று. நம் விரதமும் கைமாறிவிட்டது. மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு 2017-இல் கிடைத்தது. பல தலைமுறைச் சிற்பிகளின் கைத்திறனுக்குக் கிடைத்த அம்மதிப்பை, ஒரு பொய் ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

பேரம் பேசுவதே தவறு என்று நாம் கூறவில்லை. கையால் செய்த பொருளுக்கு அச்சிட்ட விலை இராது. வாங்குபவரும் விற்பவரும் பேசி ஓர் எல்லைக்கு வருவது நெடுநாள் வழக்கம். அப்பேச்சில் இருவர்க்கும் மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் பேரம் என்பது இருவரும் அறிந்து ஆடும் ஆட்டம். ஒருவர்க்கு மட்டும் விதி தெரிந்திருந்தால் அது ஆட்டமாகாது. கடைசியாகக் கொடுக்கக்கூடிய விலையை உள்ளூரார்க்கும் அயலார்க்கும் ஒன்றாக வைத்துக்கொண்டு பேசுபவர் நடுவு நின்றவராவார். தண்ணீர்ப் புட்டி போன்றவற்றிற்கோ பேச்சுக்கே இடமில்லை. உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் பெறினும் சட்டப்படி குற்றம்.

உண்ணும் உணவில் உண்மை

இரண்டாவது சோதனை உணவில் வருகிறது. இதில் நமக்கு மற்றவரைக் காட்டிலும் அறிவு கூடுதலாக இருக்கவேண்டும். ஏனெனில் உணவில் கட்டுப்பாடு உடையவர் அயலூரில் படும் பாட்டை நாம் பட்டிருக்கிறோம்.

தலயாத்திரை செல்லும்போது நம்முள் பலர்க்கு நேர்ந்ததுதான் இது. கதிரவன் மறையும் முன் உண்ண வேண்டும், பேருந்தோ நிற்கவில்லை. நின்ற இடத்தில் ஓர் உணவகம். அங்கே வெங்காயமும் பூண்டும் இல்லாத பண்டம் எது என்று கேட்கிறோம். பரிமாறுபவர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். 'எல்லாம் சைவந்தான், சாப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நம் வினாவைக் காதில் வாங்கவும் இல்லை. வேறோர் ஊரில், ஒருவர் சமையற்கட்டுக்குள் சென்று கேட்டு வந்து, 'கூட்டில் பூண்டு இருக்கிறது. தயிர்ச்சோறும் வாழைக்காய்ப் பொரியலும் உண்ணலாம்' என்கிறார். எளிய உணவுதான். எனினும் அவ்வூரை நாம் மறப்பதில்லை. ஜப்பானுக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் இதைப் போன்றதைச் சொல்லக் கேட்கலாம். அங்கே இறைச்சித்துண்டு ஒன்றும் இல்லாத காய்கறிச் சாற்றிலும் உலர்ந்த மீனைச் சீவிக் காய்ச்சிய நீர் கலந்திருப்பது பொது வழக்கு. ஆக்குபவர்க்கு அது மீன் உணவன்று. நமக்கோ அது விரத பங்கம்.

அயலூரில் நாம் எதிர்பார்த்த அப்பொறுமையைத்தான் நம்மூருக்கு வருபவர் நம்மிடம் எதிர்பார்க்கிறார். இஸ்லாமியர் பன்றி இறைச்சியையும் மதுவையும் விலக்குவர். யூதருள் நெறி வழுவாதோர் இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணார். பால், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குவோர் இன்று உலகெங்கும் பெருகியுள்ளனர். நாம் அன்போடு ஊற்றும் நெய் அவர்க்கு ஆகாது. இவை கொள்கையால் வரும் கட்டுப்பாடுகள். உடலால் வருபவை இன்னும் கடுமையானவை. நிலக்கடலை சிலர்க்கு உயிருக்கே ஆபத்து. அவர்கள் உணவு பொரித்த எண்ணெய் யாதென்று கேட்பதில் நகைப்புக்கு ஒன்றுமில்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை ஏற்காத குடல்நோய் உடையோரும் உளர். இட்லியும் தோசையும் அரிசியும் உளுந்தும்தானே, அவர்க்கு ஆகுமே என்று நாம் மகிழலாம். ஆனால் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அப்பெருங்காயத்தை இட்ட சாம்பாரும் இரசமும் அவர்க்குத் தீங்கு செய்யலாம். இது பரிமாறுபவர்க்குத் தெரியாது; சமைப்பவர்க்கே சில வேளைகளில் தெரியாது. 'தெரியவில்லை, உறை மீது பார்த்துச் சொல்கிறேன்' என்று கூறுவதுதான் அங்கே அறம். 'ஒன்றும் செய்யாது, சாப்பிடுங்கள்' என்பது அன்பு போல் தோன்றும் வன்முறை.

இங்கே நம் குடும்பங்களில் சிலர்க்கு ஓர் ஐயம் எழும். 'எல்லாரையும் வரவேற்க வேண்டுமெனில், எல்லாரும் விரும்புவதை நாம் விற்க வேண்டுமா? புலால் உண்போர்க்குப் புலால் சமைத்துத் தர வேண்டுமா?' வேண்டுவதில்லை. வரவேற்பு என்பது நம் விரதத்தைக் கைவிடுவதன்று. நம் கடையில் எது உண்டு, எது இல்லை என்பதை வாயிலிலேயே அறிவித்து, இல்லாததைக் கேட்பவர்க்கு அது கிடைக்கும் இடத்தை முகம் சுளிக்காமல் கூறினால் போதும். அவ்விடத்தைக் கூறவும் மனம் ஒப்பாதார், 'இங்கே சைவ உணவு மட்டுமே' என்று இன்சொல்லால் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். உண்பவரின் பழக்கத்தைப் பழித்து அவர்க்கு அறிவுரை சொல்லப் புகுவது மட்டும் கூடாது. நம் கொள்கையின் பெருமை நம் இலையில் தெரிந்தால் போதும். அவரது இலையைப் பழிப்பதில் தெரிய வேண்டுவதில்லை.

ஒரு படி உயரம்

மூன்றாவது, உடலின் வேறுபாடு. கண்பார்வையற்றோர், செவி கேளாதோர், உடலியக்கக் குறைபாடு உடையோர் ஆகியோர்க்கெனத் தனித்தனியே உலகச் சதுரங்க அமைப்புகள் இருக்கின்றன. சதுரங்க ஒலிம்பியாடுகளுக்கு அவை தம் அணிகளை அனுப்புவதும் வழக்கம். கண்பார்வையற்றவர் குழிகளுடன் கூடிய பலகையில் காய்களைத் தொட்டறிந்து ஆடுவார். பலகையில் எவர்க்கும் இளைக்காத அவர், கடைத்தெருவுக்கு வரும்போது என்ன காண்கிறார்? நடைபாதையில் நிறுத்திய வண்டி, மூடாத சாக்கடை, கடை வாயிலில் ஒரு படி.

அந்த ஒரு படியைப் பற்றி நாம் நினைத்ததே இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர்க்கு அது ஒரு மதில். ஆறங்குல உயரமுள்ள படிக்கு ஆறடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது பொதுக் கணக்கு. தெருவோரச் சிறு கடைக்கு ஆறடி இடம் எங்கே என்று கேட்பது நியாயமே. எனினும் எடுத்து வைத்து எடுக்கக்கூடிய மரப்பலகை ஒன்றைப் பத்துக் கடைகள் கூட்டாக வைத்துக்கொள்ளலாம். பலகையும் இல்லையெனில், கடைக்காரர் படியிறங்கி வந்து, பொருளைக் கையில் எடுத்துக் காட்டி விற்கலாம். கட்டடத்தை மாற்ற இயலாதவர் தம் காலை மாற்றலாம் அன்றோ?

பொருட் செலவே இல்லாத கடமைகளும் பல. சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் பேசவேண்டியதை அவருடன் வந்தவரிடம் பேசுவது நம்மவர்க்கு ஒரு வழக்கம். 'இவருக்கு என்ன வேண்டும்?' என்று அவர் எதிரிலேயே கேட்கிறோம். வாங்குபவர் அவர், விலை கொடுப்பவர் அவர், நாமோ அவரை ஒரு பொருளாக்கிவிட்டோம். கண்பார்வையற்றவர்க்குச் சில்லறை கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டையும் இன்னதென்று வாயால் சொல்லிக் கொடுத்தல், கேளாமலேயே கையைப் பற்றி இழுக்காமல் 'உதவட்டுமா?' என்று வினவுதல், செவி கேளாதவர் முன் உரக்கக் கத்தாமல் எழுதிக் காட்டுதல் ஆகியவற்றுக்கு எந்த முதலீடும் வேண்டா.

தோலின் நிறம் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஐரோப்பியர் வந்தால் நாற்காலியை இழுத்துப் போடுகிறோம். ஆப்பிரிக்கர் வந்தால் உற்றுப் பார்க்கிறோம், சிலர் நகைக்கவும் செய்கிறோம். இருவரும் ஒரே விலை கொடுத்து ஒரே பண்டத்தை வாங்கும்போது நம் முகம் மட்டும் இருவேறாவது ஏன்? தராசின் தட்டில் குறைப்பது போலவே மதிப்பில் குறைப்பதும் குறைப்புதான். அதைக் காட்ட முத்திரையிட்ட எடைக்கல் இல்லாததால், நம் நெஞ்சமே எடைக்கல்லாக வேண்டும்.

சொல்லும் குறியும்

மொழி தெரியாதவரை எவ்வாறு வரவேற்பது? இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானியர் ஒரு வழி கண்டனர். 1964-இல் ஆசியாவின் முதல் ஒலிம்பிக் விளையாட்டு டோக்கியோவில் நடைபெற்றபோது, ஜப்பானிய எழுத்தைப் படிக்கவியலாத பல்லாயிரவர் வருவர் என்பதை உணர்ந்து, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒவ்வொரு வசதிக்கும் படக்குறிகளை வகுத்தனர். கழிப்பறை, தொலைபேசி, மருத்துவம் ஆகியவற்றை எம்மொழியினரும் கண்டவுடன் அறியும்படி செய்தனர். இன்று உலகெங்கும் விமான நிலையங்களில் நாம் காணும் படக்குறிகள் பரவுவதற்கு அவ்விளையாட்டு ஒரு பெருங்காரணமாயிற்று. வந்தவர் தம் மொழியைக் கற்கவில்லையே என்று அவர்கள் குறைகூறவில்லை; தம் பக்கத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தனர்.

ஆனால் குறிகளும் சில வேளைகளில் ஒருவர்க்கு ஒன்றும் மற்றவர்க்கு வேறொன்றும் சொல்லும். நம் வீட்டு வாயிலிலும் கணக்குப் புத்தகத்தின் முதல் ஏட்டிலும் நாம் வரையும் சுவஸ்திகம், உயிர்கள் பிறந்து உழலும் நான்கு கதிகளை நமக்கு நினைவூட்டும் மங்கலச் சின்னம். ஐரோப்பாவிலிருந்து வரும் யூதர் ஒருவர்க்கோ அது வேறு. 1920-இல் நாஜிக் கட்சி தன் கொடியில் அதைப் போன்றதொரு குறியைப் பொறித்துக்கொண்டது. அக்கொடியின் கீழ் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். அவர்களுள் தம் பாட்டனாரை இழந்த ஒருவர் நம் கடை வாயிலில் அக்குறியைக் கண்டு திடுக்கிட்டு நின்றால், அவர் அறியாமையால் நின்றார் என்று சொல்லலாமா? அவர் அறிந்தது அது.

அநேகாந்தம் என்பதை நூலில் படிப்பது வேறு. கடை வாயிலில் காண்பது வேறு. அவர்க்காக நாம் நம் சின்னத்தை அழிக்க வேண்டுவதில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மங்கலத்தை ஒரு கொடுங்கோலனுக்கு விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆயினும் 'எங்கள் சின்னம், உங்களுக்கு என்ன?' என்று கேட்பதும் ஆகாது. அவர் துயரத்தை முதலில் ஏற்று, பின்னர் நம் பொருளை இரண்டு வரியில் எடுத்துரைத்தால், கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டோரின் சின்னம் அது என்பதை அவர் அறிந்து செல்வார். அவ்வாறு ஒருவர் அறிந்து சென்றால் அன்றைய விற்பனை முழுவதினும் அது பெரிது.

யார் சுமப்பது?

இத்தனையும் படித்த ஒரு சிறு கடைக்காரர் நம்மை நோக்கி, 'ஐயா, இவ்வளவும் நான் ஒருவனே செய்ய முடியுமா?' என்று கேட்டால், அவ்வினாவும் நியாயமானதே. பெரும் விடுதிகளுக்கு இவை புதியவை அல்ல. பயிற்சி பெற்ற பணியாளரும் பல மொழி அறிந்தோரும் அங்கே உளர். தள்ளுவண்டிக்காரர்க்கோ எவரும் இல்லை. அறத்தை எல்லாரும் எடுத்துரைக்கிறோம். அதன் செலவை ஏழையின் தலையில் ஏற்றுகிறோம். இது நேர்மையாகாது.

ஆகவே கற்றவர்க்கும் வசதியுள்ளோர்க்கும் இதில் பங்கு உண்டு. நம் குடும்பங்களில் கடை வைத்திருப்போர் சிலரே. ஆசிரியர்களும் பொறியாளர்களும் அலுவலர்களும் பலர். தெருமுனை உணவகத்தில் அன்றாடம் உண்ணும் ஓர் ஆசிரியர், அங்குள்ள இருபது பண்டங்களின் பெயரையும் அவற்றில் சேரும் பொருள்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். கல்லூரி மாணவர் ஒருவர் வேண்டிய பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களைக் கடைக்காரர்க்குக் கற்பிக்கலாம். தச்சு வேலை அறிந்தவர் அந்த மரப்பலகையைச் செய்து கொடுக்கலாம். வணிகர் சங்கங்கள் விலைப்பட்டியலை எழுதித் தொங்கவிடுவோர்க்கு ஊக்கமளிக்கலாம். ஒருவர் எழுதித் தொங்கவிட்டால் அடுத்தவர்க்கும் அது துணிவு தரும். கடைக்காரரைக் குறைகூறுபவர் பலர். கூட நின்று ஒரு தாள் எழுதிக் கொடுப்பவர் எத்தனை பேர்?

விழா முடிந்த மறுநாள்

இப்போது முதல் வினாவுக்குத் திரும்புவோம். விலை பெற்றுச் செய்யும் உபசரிப்பு அறமாகுமா? பொருளுக்கு விலை உண்டு, பெற்றுக்கொள்க. உண்மைக்கும் மதிப்புக்கும் தனியே விலை வைக்க இயலாது. அவற்றை வாணிகர் சேர்த்தே தருகிறார். அவ்வாறு தரும் அளவுக்கு அவர் செய்வது அறமாகிறது. அவை இல்லையெனில், எவ்வளவு இனிக்கப் பேசினும் அது வெறும் விற்பனைதான்.

அது உண்மையான அறமா என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு. விழா முடிந்த மறுநாள் கடைத்தெருவைப் பார்க்கவேண்டும். போட்டி முடிந்தது. வந்தவர்கள் விமானம் ஏறினர். ஆனால் முழங்கால் தேய்ந்த நம் பாட்டி அதே தெருவில்தான் இருக்கிறார். அந்த ஒரு படி அவர்க்கும் மதில்தான். கண்பார்வை மங்கிய பெரியவர் அதே கடையில்தான் சில்லறை வாங்குகிறார். எழுதப் படிக்கத் தெரியாத உழவர் ஒருவர் அதே பேருந்து நிலையத்தில் எந்தப் பேருந்து என்று அறியாமல் நிற்கிறார். படக்குறி அவர்க்கும் வேண்டும். வேற்றூரிலிருந்து பிழைக்க வந்த வடநாட்டுக் கூலித் தொழிலாளர் அதே தேநீர்க் கடைக்கு வருகிறார். மொழி தெரியாதவர் என்பதில் அவர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் வேறுபாடு இல்லை. வெளிநாட்டவர்க்காக வைத்த சாய்தளத்தை மறுநாளே எடுத்து அடுக்கிவிட்டோமெனில், நாம் வரவேற்றது மனிதரை அன்று. அவர் பையில் இருந்த நாணயத்தை.

பெருவிழாக்கள் இனியும் வரும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சிரவணபெளகொளாவில் மகாமஸ்தகாபிஷேகம் நடைபெறுகிறது. 2018-இல் அதனைக் காண நம் ஊர்களிலிருந்தும் பலர் சென்றனர். அங்கே நாம் விருந்தினர். அங்குள்ள கடைக்காரர்கள் நம்மை எவ்வாறு நடத்தவேண்டும் என்று விரும்பினோமோ, அதை மறவாமல் வைத்திருப்போம். நம்மூருக்கு வருபவர் சதுரங்கம் ஆட வந்தவராயினும், கூலி வேலை தேடி வந்தவராயினும், நம் தராசு ஒன்றாக இருக்கட்டும். நம் முகமும் ஒன்றாக இருக்கட்டும். நாளைக் காலை கடை திறக்கும்போது வாயிலில் உள்ள அந்தப் படியை ஒருமுறை குனிந்து பார்ப்போமாக.